தட்டிப் பார்த்த பலகை

நேயர்களுக்கு வணக்கம்.

பேச்சைத் தொடங்கும் முன் இரண்டு ஒலிகளைக் கேட்டுவிடுங்கள். இது முதலாவது. (பலகையைத் தட்டும் ஒலி.) இது இரண்டாவது. (மீண்டும் தட்டும் ஒலி.)

முதலாவது 'டொக்' என்று விழுந்த இடத்திலேயே செத்துவிட்டது. இரண்டாவது மணி அடித்ததுபோல் கொஞ்ச நேரம் நின்று பிறகு அடங்கியது. ஒன்று மட்டமான மரம், மற்றது உயர்ந்த மரம் என்று நினைத்திருப்பீர்கள். இரண்டும் ஒரே பலகைதான். முதல் முறை அதன் நடுப்பகுதியை உள்ளங்கையால் பற்றிக்கொண்டு தட்டினேன். இரண்டாம் முறை விளிம்பிலிருந்து கால்பங்கு நீளம் தள்ளி, இரண்டு விரல் நுனிகளால் மட்டும் தொங்கவிட்டுத் தட்டினேன். பலகை அதிரும்போது அசையாமல் நிற்கும் இடங்கள் சில உண்டு. அங்கே பிடித்தால் அதன் குரலை நாம் அடைப்பதில்லை.

என்னைப்போல் கிதார் செய்பவனிடம் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி, "என்ன மரம்?" என்பது. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த மரத்தை எவ்வளவு சீவினீர்கள், எங்கே கட்டிப் பிடித்தீர்கள், எங்கே விட்டீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஒலியின் பெரும்பகுதி அங்கேதான் முடிவாகிறது.

தந்தியிலிருந்து தொடங்குகிறேன். கிளாசிக்கல் கிதாரின் முதல் தந்தி ஒரு மில்லிமீட்டர் பருமன்கூட இல்லாத நைலான் இழை. அது தனியாகத் துடித்தால் பக்கத்தில் இருப்பவருக்கே சரியாகக் கேட்காது; அவ்வளவு மெல்லிய பொருளால் காற்றைத் தள்ள முடியாது. அதன் துடிப்பு, தந்திகளின் கீழ்முனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் என்னும் கட்டை வழியாக, பெட்டியின் முகப்பான மேற்பலகைக்குப் போய், பலகை காற்றைத் தள்ளும்போதுதான் நாம் கேட்கும் நாதம் பிறக்கிறது. வயலினில் வில் தந்தியை உரசிக்கொண்டே இருக்கிறது. ஆற்றல் வந்துகொண்டே இருக்கும். கிதாரில் அப்படியில்லை. ஒருமுறை சுண்டிவிட்டால் அதுதான் கைமுதல், பிறகு சல்லிக்காசு வரவு கிடையாது. அந்த முதலை ஊதாரியாகச் செலவழித்தால் ஒலி ஓங்கிக் கேட்கும், சட்டென்று தீர்ந்தும் போகும். செட்டாகச் செலவழித்தால் சுரம் நீண்டு நிற்கும், ஆனால் அரங்கின் கடைசி வரிசை காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டும். ஓங்கிய ஒலியும் நெடிய ஒலியும் வேண்டும் என்று வாசிப்பவர்கள் கேட்கிறார்கள். இரண்டும் ஒரே பையிலிருந்து எடுக்க வேண்டிய பணம் என்பதைப் பக்குவமாகச் சொல்லிப் புரியவைப்பது இந்தத் தொழிலின் ஒரு பகுதி.

அந்தச் செலவைத் தீர்மானிப்பது மேற்பலகை. பொதுவாக அது இரண்டு முதல் இரண்டரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். ஆறு தந்திகளும் சேர்ந்து சுமார் 40 கிலோ விசையில் இழுக்கின்றன. அந்த இழுப்பைப் பல ஆண்டுகள் தாங்க வேண்டும்; அதே நேரத்தில் ஒரு விரல் சுண்டினால் அசையும் அளவுக்கு லேசாகவும் இருக்க வேண்டும். லேசாகவும் விறைப்பாகவும் இருக்கும் மரங்கள் அதிகம் இல்லை. ஸ்ப்ரூஸ் என்னும் குளிர்நாட்டு ஊசியிலை மரம் அப்படிப்பட்ட ஒன்று. நார் ஓடும் திசையில் அதன் விறைப்பு, குறுக்குத் திசையில் இருப்பதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்து, ஒரே கட்டையின் இரு பலகைகளைப் புத்தகம் விரித்ததுபோல் விரித்து நடுவில் ஒட்டுகிறோம்.

மற்றொன்று செடார். மாட்ரிட்டில் கிதார் செய்யும் ஹோசே ராமிரெஸ் குடும்பத்தின் மூன்றாம் தலைமுறைக்காரர் 1960களின் நடுவில் இதை மேற்பலகைக்குப் பயன்படுத்தத் தொடங்கினார். அதன்பின் உலகெங்கும் பரவியது. பெயர்தான் செடார், மரம் வட அமெரிக்காவின் தூயா இனத்தைச் சேர்ந்தது. தேவதாரு என்று மொழிபெயர்த்துவிட்டால் பிழை. இது ஸ்ப்ரூஸைவிட எடை குறைவு, நகம் பட்டாலே தடம் விழும் அளவுக்கு மென்மை. இதில் செய்த கிதார் முதல் நாளே வாய்திறந்து பாடும், வெதுவெதுப்பான குரல். ஸ்ப்ரூஸ் கிதாருக்குத் தெளிவு அதிகம், பழக நாளாகும். என் கைக்கு ஸ்ப்ரூஸ்தான் பிடிக்கும். இது ருசி சம்பந்தப்பட்டது, வாதாட விரும்பவில்லை.

எந்த மரமானாலும் இழைப்புளி அதைவிட அதிகம் பேசும். பலகையின் விறைப்பு கனத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. இரண்டரை மில்லிமீட்டர் பலகையை இரண்டு மில்லிமீட்டராகச் சீவினால் போனது அரை மில்லிமீட்டர் மரம், ஆனால் விறைப்பில் ஏறத்தாழப் பாதி போய்விடும். இதை நான் புத்தகத்தில் படித்தது பிற்பாடு. தொழில் பழகிய காலத்தில் ஓர் அருமையான பலகை கையில் கிடைத்தது. சீவச் சீவத் தட்டும் ஒலி ஆழமாகிக்கொண்டே போனது. அந்த மயக்கத்தில் சீவல் சுருள்கள் முழங்கால் வரை குவிந்ததைக் கவனிக்கவில்லை. தந்தி கட்டிய முதல் நாள் மத்தளம்போல் அதிர்ந்தது, எனக்கு ஒரே பெருமை. சில மாதங்களில் பிரிட்ஜுக்கு முன்னால் பலகை குழிந்து, பின்னால் புடைத்து, தந்திகள் விரல் பலகையில் உரசிக் கரகரத்தன. மேற்பலகையை மொத்தமாகக் கழற்றி எறிய வேண்டியதாயிற்று. இப்போது ஒவ்வொரு சீவலுக்கும் பிறகு பலகையைக் கட்டைவிரல்களால் வளைத்துப் பார்க்கிறேன். அளவுமானி சொல்லும் எண்ணைவிட, அந்த எதிர்ப்பு குறையத் தொடங்கும் தருணத்தையே நம்புகிறேன்.

இவ்வளவு மெல்லிய பலகை நிற்பதற்குக் காரணம் உள்ளே ஒட்டியிருக்கும் சட்டங்கள். இங்கே ஒருவரைச் சொல்லியாக வேண்டும். அந்தோனியோ தே தோரெஸ், 1817இல் ஸ்பெயினின் அல்மேரியா பகுதியில் பிறந்தவர், 1892இல் காலமானார். பிரிட்ஜுக்குக் கீழே விசிறிபோல் விரியும் சட்டங்களை அவருக்கு முன்பே ஸ்பானியக் கைவினைஞர்கள் வைத்திருந்தார்கள். தோரெஸ் கிதாரின் உடலைப் பெரிதாக்கி, மேற்பலகையை மெலிதாக்கி, லேசான குவிவு கொடுத்து, ஏழு விசிறிச் சட்டங்களைச் சீராக அமைத்தார். தந்தி நீளமும் 650 மில்லிமீட்டர் என்று நிலைபெற்றது. இன்றைய கிதார்களில் பெரும்பாலானவை அவர் போட்ட பாதையில்தான் போகின்றன.

மேற்பலகைதான் முக்கியம் என்று நிறுவ 1862இல் அவர் ஒரு விசித்திர வேலை செய்தார். மேலே நல்ல ஸ்ப்ரூஸ் பலகை. பின்புறமும் பக்கங்களும் காகித அட்டை! அந்தக் கிதார் இன்றும் பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அட்டைப்பெட்டியில் கிதார் செய்துவிட்டார் என்று சிரிப்பதற்கில்லை. விலை உயர்ந்த பின்பலகைக்காகப் பணத்தைக் கொட்டுகிறவர்களுக்கு அவர் அன்றே ஒரு கேள்வியை வைத்துவிட்டுப் போனார்.

பின்பலகைக்கு ரோஸ்வுட்தான் மரபு. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு ஒரு மந்திரப் பெயரே உண்டு. காடுகள் அழிந்ததால் 1992இல் அதை, அருகிவரும் உயிரினங்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் சேர்த்து உலக வணிகத்தை ஏறக்குறைய நிறுத்திவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் பெரும்பாலும் இருப்பது நாம் ஈட்டி, தோதகத்தி என்று சொல்லும் இந்திய ரோஸ்வுட். மரம் மாறியதால் குரல் போய்விட்டது என்று புலம்புகிறவர்கள் உண்டு. 2018இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையை அவர்களுக்கு நினைவூட்டுவேன். பின், பக்க மரம் மட்டும் வேறுபட்ட ஆறு கிதார்களை 52 கலைஞர்கள் மங்கிய வெளிச்சத்தில், மரம் கண்ணுக்குத் தெரியாதபடி வாசித்தார்கள். ஆறுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண். அவை எஃகுத் தந்திக் கிதார்கள், நைலான் தந்திக்கு அப்படியே பொருத்த முடியாது என்று ஒருவர் சொன்னால் ஒத்துக்கொள்வேன். பின்பலகை எடையும் விறைப்பும் வித்தியாசம் செய்யும் என்பதும் என் அனுபவம். ஸ்பெயினின் ஃப்ளமெங்கோ இசைக்கான கிதாருக்குச் சைப்ரஸ் மரத்தில் லேசான உடல் செய்வார்கள். அந்தப் பட்டென்ற, வறண்ட ஒலியில் அதன் பங்கும் உண்டு. ஆனால் மரத்தின் பெயரையும் வரிகளின் அழகையும் காதால் கேட்க முடியாது.

பெட்டிக்குள் இருக்கும் காற்றும் ஒரு கருவிதான். வெறும் பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரு சுரம் எழுகிறதே, அதுபோல் கிதாரின் துளைக்கும் ஒரு சொந்தச் சுரம் உண்டு. அது வழக்கமாக 100 ஹெர்ட்ஸ் அருகில் இருக்கும். ஆறாம் தந்தியில் மூன்றாவது ஃப்ரெட்டின், அதாவது விரல் பலகையில் பதித்த மூன்றாவது குறுக்குக் கம்பியின், சுற்றுவட்டாரம். சில கிதார்களில் அந்த ஓர் இடத்தில் மட்டும் சுரம் குபீரென்று எழுந்து உடனே அடங்கும். வாசிப்பவர் தன் விரலைத் திட்டிக்கொள்வார். விரல் பாவம், பலகையும் காற்றும் சேர்ந்து அந்தச் சுரத்தின் முதலை ஒரே மூச்சில் செலவழித்துவிடுகின்றன.

சிக்கனம் வேண்டாம், செலவே செய்வோம் என்று துணிந்தவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவின் கிரெக் ஸ்மால்மன் பால்சா மரத்தையும் கார்பன் இழையையும் கொண்டு வலைப்பின்னல்போல் சட்டங்கள் அமைத்து, மேற்பலகையை மிக மெலிதாக்கினார். அதற்கு ஈடாகப் பின்பலகையையும் பக்கங்களையும் கனமாக்கினார். புகழ்பெற்ற கிதார் கலைஞர் ஜான் வில்லியம்ஸ் 1980களில் அவற்றை வாசிக்கத் தொடங்கினார். ஜெர்மனியில் இரண்டு மெல்லிய மரத் தகடுகளுக்கு நடுவே நோமெக்ஸ் என்னும் செயற்கைப் பொருளைத் தேன்கூடு வடிவில் வைத்து மேற்பலகை செய்தார்கள். பெரிய அரங்கில் இவை அபாரம். சிறிய அறையில் கேட்கும்போது எனக்கு ஏதோ ஒன்று குறைகிறது; பழைய காது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நைலான் தந்தியே போரின் குழந்தை. அதற்கு முன் குடல் நரம்புதான். இரண்டாம் உலகப் போரில் அது அறுவைத் தையலுக்குப் போய்விட, நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் நைலானில் முயன்றார், ஸ்பானியக் கிதார் மேதை செகோவியா ஆதரித்தார். மூன்றாம் தந்தி மட்டும் இன்றும் தலைவலி: சுற்றுக்கம்பி இல்லாத மூன்று தந்திகளில் மிகத் தடித்தது, அதனால் குரல் மங்கல். கிதாரைக் குறை சொல்லும் முன் அந்த ஒரு தந்தியைக் கார்பன் தந்தியாக, அதாவது ஃப்ளூரோகார்பன் என்னும் பிளாஸ்டிக் இழையாக, மாற்றிப் பாருங்கள். அது அடர்த்தி மிகுந்தது. அதே சுரத்துக்கு மெலிதாக இருந்தால் போதும்.

நான் கொண்டுவந்த பலகை இன்னும் மூன்று மில்லிமீட்டர் இருக்கிறது. சட்டம் ஒட்டவில்லை. இன்னும் எவ்வளவு சீவுவது என்று தீர்மானிக்கவில்லை. இரண்டு விரல் நுனிகளால் பிடித்து மீண்டும் ஒருமுறை தட்டுகிறேன். (தட்டும் ஒலி.)

நன்றி, வணக்கம்.