ராத்திரிப் பாத்திரம் யார் கழுவுவது?

வணக்கம். கணவனும் மனைவியுமாகத் தொழில் நடத்துகிறவர்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று கூப்பிட்டார்கள். கடன், ஜிஎஸ்டி பற்றியெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்கள் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். நான் பாத்திரம் கழுவுவதைப் பற்றிப் பேசப் போகிறேன்.

நானும் என் வீட்டுக்காரரும் திருப்பூரில் மெஸ் நடத்துகிறோம். பனியன் கம்பெனி ஆட்கள்தான் வாடிக்கை. காலையில் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஏழு மணிக்கு இட்லி வேண்டுமென்றால், நாலரைக்கே அடுப்பு பற்ற வேண்டும். ராத்திரி கடைசி ஆள் சாப்பிட்டு எழுந்திருக்கப் பத்தரை ஆகும். அப்புறம்தான் அண்டா, இட்லித் தட்டு, சாம்பார் வாளி எல்லாம் தொட்டிக்கு வரும். முதல் மூன்று வருடம் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். அந்த மூன்று வருடம் நாங்கள் போட்ட சண்டையில் ஒரு அடுப்பே எரிந்திருக்கும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், சண்டை வருகிற நேரத்தையெல்லாம் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறிக்க ஆரம்பித்தேன். யார் மேல் தப்பு என்று எழுதவில்லை, எழுதியிருந்தால் எல்லாம் அவர் மேல்தான் இருந்திருக்கும். நேரத்தை மட்டும் எழுதினேன். மாதக் கடைசியில் பார்த்தால் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. முக்கால்வாசிச் சண்டை இரண்டே நேரத்தில்தான். ஒன்று, காலை எட்டு மணிக்குப் பார்சலும் கல்லாவும் ஒன்றாக நெரிக்கும்போது. இன்னொன்று, ராத்திரி பதினோரு மணிக்குப் பாத்திரத் தொட்டிக்கு முன்னால். அவருடைய தம்பி கல்யாணச் செலவு, என் அம்மா வீட்டுப் பேச்சு எல்லாம் அந்த நேரத்தில்தான் வாயில் வந்திருக்கிறது. காலில் வலி, வாயில் தம்பி கல்யாணம். அவ்வளவுதான்.

"ஏனுங்க மாமா, ஒரு ஆள் போட்டுக்கலாங்களா?" என்றேன். "சம்பளம் நீ குடுக்கறயா?" என்றார். இந்த வீட்டில் சம்பளமே வாங்காத ஆள் நான்தான், என்னைப் பார்த்துக் கேட்கிறார்!

அன்றைக்குத்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நான் செய்கிற வேலைக்கெல்லாம் ஆள் வைத்தால் என்ன ஆகும்? மாவாட்டவும் காய் நறுக்கவும் ஒருவர், பரிமாற ஒருவர், பாத்திரத்துக்கு ஒருவர். மூன்று பேர் நாள் கூலி. எங்கள் கடைக் கணக்கில் என் பேருக்கு நேரே சைபர். மத்திய அரசு எடுக்கிற தொழிலாளர் கணக்கெடுப்பிலேயே எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு தனி வகை உண்டு. குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவுபவர். வேலை செய்பவர் என்று எண்ணுவார்கள், கூலி இருக்காது. ஆள் போட்டால் செலவு என்று நினைக்கிறோமே, அந்தச் செலவை இத்தனை நாள் ஒருத்தி உடம்பால் கட்டிக்கொண்டிருந்தாள் என்பதுதான் சங்கதி. இதைக் கேட்டு வீட்டுக்குப் போய் மனைவிக்குச் சம்பளம் எழுதப் போகிறவர்கள், முதலில் ஆடிட்டரைக் கேளுங்கள். மனைவிக்கு அந்தத் தொழிலுக்கான படிப்போ தொழில் தகுதியோ இல்லையென்றால், வருமான வரியில் அந்தச் சம்பளத்தைப் பெரும்பாலும் கணவர் வருமானத்தோடே சேர்த்துவிடுவார்கள். நான் சொல்வது வரிக் கணக்கு இல்லை, நோட்டுக் கணக்கு.

சரி, ஆள் வைப்பது என்று முடிவானது. யாரை? அவர் பரோட்டா மாஸ்டர் என்றார், வியாபாரம் கூடும். நான் பாத்திரத்துக்கு ஆள் என்றேன். மாஸ்டர்தான் வந்தார். பத்தாயிரம் அட்வான்ஸ் வாங்கினார், பதினோரு நாள் வீசினார், பன்னிரண்டாம் நாள் போன் சுவிட்ச் ஆஃப். ஆனால் அந்தப் பதினோரு நாளில் எனக்கு ஒன்று புரிந்தது. வியாபாரம் கூடியது, எச்சில் தட்டும் கூடியது, சண்டையும் கூடியது. வருமானம் கொண்டுவருகிற ஆளைத்தான் முதலில் வைக்க வேண்டும் என்று கடன் கொடுக்கிறவர்கள் சொல்வார்கள். கடனைப் பற்றி அது சரியாகவே இருக்கலாம். என்னைக் கேட்டால், முதல் ஆள் சண்டை பிறக்கிற இடத்துக்குத்தான்.

அப்புறம் பக்கத்துத் தெரு அக்கா வந்தார், சாயங்காலம் ஆறிலிருந்து ராத்திரிப் பாத்திரம் முடிகிற வரை. முதல் வாரம் அவர் கழுவி வைத்ததை நான் திரும்பக் கழுவினேன். அவர் பார்த்துவிட்டார். "ஏங்கண்ணு, நான் கழுவுனது சுத்தமில்லீன்னா சொல்லிப்போடு, நாளைக்கு வரல" என்றார். என் முகம் செத்துப்போனது. ஆள் வைப்பதில் சம்பளத்தை விடக் கஷ்டம் வேலையை அவர் கையில் விடுவதுதான். அது எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

இன்னொரு தொல்லை, ஒரு ஆளுக்கு இரண்டு முதலாளி. அவர் அண்டாவை முதலில் தேய் என்பார், நான் தட்டை முதலில் என்பேன். எங்கள் சண்டையை அக்கா தலையில் வைத்துப் போட ஆரம்பித்தோம். கடைசியில் அக்காவுக்கு வேலை சொல்வது நான் மட்டும், காய்கறி, கேஸ்காரர்களிடம் பேசுவது அவர் மட்டும் என்று பிரித்துக்கொண்டோம். பிடிக்கவில்லை என்றாலும் அந்த இடத்தில் பேசக் கூடாது. ராத்திரி வீட்டில் சொல்லலாம். வீட்டுக்குப் போனால் முக்கால்வாசி மறந்துபோகும்.

எதிர்பாராத லாபம் ஒன்றும் உண்டு. வெளியாள் ஒருவர் நிற்கும்போது நாங்கள் கத்துவதை நிறுத்திவிட்டோம். மானம் போகிறதே! பாதிச் சண்டை பாத்திரம் கழுவியதால் போயிற்று என்றால், மீதியில் பாதி அக்கா நின்றதால் போனது.

ஆள் வைப்பவர்களுக்குச் சட்டமும் கொஞ்சம் தெரிய வேண்டும். பத்துப் பேருக்குக் கீழே ஆள் வைத்தால் பொதுவாக இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீடு கட்டாயமில்லை. அப்படியென்றால் அக்கா கையில் வெந்நீர் கொட்டினால் அந்தச் செலவு நம்முடையது, தனியாக எடுத்து வைக்க வேண்டும். கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தம் வந்தது. அக்காவுக்கு ஸ்டூல் வாங்கிப் போட்ட அன்றுதான், கல்லாவுக்குப் பின்னால் எனக்கு ஒரு நாற்காலி இல்லை என்று என் வீட்டுக்காரர் கவனித்தார்.

ஆள் வைத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்ல வரவில்லை. கடை யார் பேரில், சனிக்கிழமை வசூல் யார் கையில், இதையெல்லாம் எந்த அக்கா வந்தும் தீர்க்க மாட்டார். குடிக்கிற வீட்டுக்கு நான் சொன்ன எதுவும் உதவாது. நேரம் மிச்சமானதும் எங்களுக்கே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. மதியம் மூன்று மணிக்கு எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம், கடையைத் தவிரப் பேச ஒன்றுமில்லை. இரண்டு வாரம் தக்காளி விலையைப் பேசினோம். அப்புறம் மெல்ல மெல்ல வேறு பேச்சு வந்தது.

இன்னும் பேசலாம்தான். ஆனால் இன்றைக்கு அக்கா பேத்திக்குக் காதுகுத்து, லீவு. கடையில் என் வீட்டுக்காரர் தனியாகப் பாத்திரம் தேய்க்கிறார். நான் பேச ஆரம்பித்த பிறகு இரண்டு முறை போன் வந்துவிட்டது. கம்பி நார் எங்கே இருக்கிறது என்று கேட்கத்தான் இருக்கும். கேள்வி இருந்தால் சீக்கிரம் கேளுங்கள்.