கன்று விழுத்தின மாடும் காது கேக்காத மனுசனும்

எல்லாருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் இரையுது, பரவாயில்லை, 20 வருசத்துக்கு மேல மாட்டுப்பட்டியளுக்க நிண்டு கத்தின தொண்டை இது, மைக் இல்லாட்டியும் கேக்கும்.

இண்டைக்கு கதைக்கப்போறது புரூசெல்லோசிஸ். வாயில நுழையாட்டி மோல்டாக் காய்ச்சல் எண்டு வச்சுக்கொள்ளுங்கோ. மாடு வளக்கிற ஆக்களுக்கு இது தெரியும், நல்லா நிண்ட சினைமாடு ஆறு ஏழு மாசத்தில கன்று விழுத்திப்போடும். அதே வருத்தம் மனுசருக்கும் வரும், மூளை வரைக்கும் போகும் எண்டதுதான் கன பேருக்குத் தெரியாது.

1887 ல மோல்டாத் தீவில, காய்ச்சலில செத்த படையாட்களிட மண்ணீரலில இருந்து டேவிட் புரூஸ் எண்ட இராணுவ டொக்டர் கிருமியைப் பிரிச்செடுத்திட்டார். கிருமி பிடிபட்டுது, அது எங்கயிருந்து வருது எண்டு பிடிபடேல்லை. 1905 ல தான் அந்த ஊர் டொக்டர் சமித் ஆட்டு ரத்தத்தைச் சோதிச்சுக் கண்டுபிடிச்சார். 18 வருசம்! ஏனெண்டா ஆடுகள் ஒரு வருத்தமும் இல்லாத மாதிரி நிண்டு பால் குடுத்துக்கொண்டிருந்ததுகள், ஆர் சந்தேகப்படுவினம்? அடுத்த வருசம் படையாட்களுக்கு ஆட்டுப்பாலை நிப்பாட்டினாங்கள், காய்ச்சல் சட்டெண்டு குறைஞ்சு போச்சு.

எங்கட பக்கம் வருவம். மாடு கன்று போட்டா இளங்கொடியை என்ன செய்யிறம்? உமலுக்க போட்டுக் கட்டி ஆலமரத்தில தூக்குறம். சின்னனில நானும் அப்பாவோட சைக்கிளில போயிருக்கிறன், ஹாண்டிலில உமல் தொங்கும், வழி முழுக்கச் சொட்டும், என்ர முழங்கால் காயத்திலயும் பட்டிருக்கு, ஆரும் கவனிக்கேல்லை. வழக்கத்தை நான் பழிக்க வரேல்லை, ஆனா வருத்தமுள்ள மாட்டில கிருமி குவிஞ்சு கிடக்கிறது அந்தக் கொடியிலயும் விழுந்த கன்றிலயும் தான், தோலில சின்னக் கீறல் இருந்தாலே காணும் அதுக்கு. கன்று விழுந்தா வெறுங்கையால தொடாதேங்கோ, நாய் கிண்டாத ஆழத்தில தாட்டுப்போட்டு மிருக வைத்தியருக்குச் சொல்லுங்கோ. மற்ற வழி பச்சைப்பால். முட்டுக்கு நல்லம் எண்டு ஆட்டுப்பாலைப் பச்சையா பிள்ளையளுக்குப் பருக்கிறதை விடுங்கோ.

ஆளிட்டயிருந்து ஆளுக்குத் தொத்துமோ எண்டு கேப்பியள். தாய்ப்பாலால, வயித்துப் பிள்ளைக்கு, உடலுறவால, ரத்தம் ஏத்தினதால வந்திருக்கு, ஆனா மிச்சம் அருமை. அதால வருத்தக்காரருக்குக் கோப்பையைப் புறிம்பா வச்சு, திண்ணையில படுக்க விடுற வேலை வேண்டாம்.

இனி மூளைக்கு வருவம். கிருமியை விழுங்கிக் கொல்லவேண்டிய வெள்ளைக் கலத்துக்குள்ளயே இது குடியிருக்கும், பொலிஸ் ஜீப்பில ஏறி வாற கள்ளனை ஆர் மறிப்பினம் சொல்லுங்கோ, அப்பிடியே மூளைக் காவலையும் தாண்டிடும். வருத்தம் வந்த 100 பேரில சுமார் 5 பேருக்கு நரம்பில பிடிக்கும். மூளையைச் சுத்தின சவ்வு வீங்கித் தலையிடிக்கும், முள்ளந்தண்டில பிடிச்சாக் கால் சோரும், காது நரம்பில பிடிச்சாக் கேள்வி மங்கும். சில பேர் ஒருத்தரோடயும் கதைக்காம மூலைக்க இருப்பினம், நாங்கள் உடன விசர் எண்டு சொல்லி நூல் கட்டக் கூட்டிக்கொண்டு ஓடுவம். அதுக்கு முதல் கிழமைக்கணக்கா விட்டுவிட்டுக் காய்ச்சல், இரவில உடுப்பு நனையிற வேர்வை, நாரி நோ எல்லாம் வந்திருக்கும், பனடோலும் சித்தாலேப்பையுமா காலம் போயிருக்கும்.

டொக்டருக்கும் லேசில்லை. முள்ளந்தண்டு நீரை எடுத்துப் பாத்தா காசநோய் மூளைக்கு ஏறின மாதிரியே இருக்கும். ரத்தத்தில கிருமி வளர நாள் எடுக்கும், லாப்பில வேலை செய்யிறவைக்கே தொத்தியிருக்கு, அதால சந்தேகம் இருந்தா அவைக்கும் முதலே சொல்லவேணும். சாதாரணமா வந்தா ரெண்டு மருந்து சேத்து ஆறு கிழமை, நரம்பில எண்டா டொக்சிசைக்கிளின், ரிபாம்பிசின், செவ்ட்ரியாக்சோன் எண்டு மாசக்கணக்கா இழுபடும், இடையில சுகம் எண்டு நிப்பாட்டினா திரும்ப வரும்.

அதாலதான் கேக்கிறன், கிளினிக்கில காய்ச்சல் எத்தினை நாள் எண்டு கேட்டா நாளை மட்டும் சொல்லிப்போட்டு வராதேங்கோ, டொக்டர், எங்கட மாடு போன மாசம் கன்று விழுத்தினது, நான் தான் இழுத்தெடுத்தனான் எண்டு சொல்லுங்கோ. டொக்டர் சிரிச்சாலும் சொல்லுங்கோ.

முன்னுக்கு இருக்கிற அம்மா கையைத் தூக்குறா. கடும்புப்பாலோ? காய்ச்சித்தானேயம்மா சீனி போட்டுக் குடுக்கிறியள், அது பயமில்லை. கறக்கிற இடத்தில நிண்டு நக்கிப் பாக்கிறதை மட்டும் விடுங்கோ.