வயிறு நோவுது என்று சொல்லும் குழந்தைக்கு

(திருச்செங்கோட்டுப் பகுதியில், பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர்களுக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

திங்கட்கிழமைக் காலையில் மட்டும் ‘அம்மா, வயிறு நோவுது’ என்று சுருண்டு படுக்கும் குழந்தையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுக்கிறோம். பள்ளி வேன் போன அரை மணி நேரத்தில் அதே குழந்தை எழுந்து விளையாடுவதைக் கண்டதும், எல்லாம் நடிப்பு என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்த முடிவு பெரும்பாலும் தவறானது. இங்கிலாந்தில் ஆப்லி, நயிஷ் என்னும் இரு மருத்துவர்கள் 1,000 பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்து 1958-இல் வெளியிட்ட கட்டுரையில், ஏறத்தாழ பத்தில் ஒரு குழந்தைக்குத் திரும்பத் திரும்ப வயிற்றுவலி வருவதையும், அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு உடலுறுப்பில் கோளாறு எதுவும் இல்லாததையும் பதிவு செய்தார்கள். கோளாறு இல்லை என்பதால் வலி பொய்யாகிவிடாது. அச்சம் எழும்போது சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின், கார்டிசோல் என்னும் ஹார்மோன்களைச் சுரக்கின்றன, இதயம் விரைகிறது, குடலுக்குப் போக வேண்டிய இரத்தம் தசைகளுக்குத் திருப்பப்படுகிறது, வயிறு இறுகி நோகிறது. வேன் போனதும் அச்சம் தணிகிறது, வலியும் தணிகிறது. காய்ச்சல், எடைக் குறைவு, மலத்தில் இரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வலி ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால் மட்டும், மனத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு முதலில் மருத்துவரிடம் போக வேண்டும்.

அழுத்தமே இல்லாத பிள்ளை வளர்ப்பை நான் பரிந்துரைக்கவில்லை. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் தறி ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய நூல், தளர்ந்தாலும் துணி வராது, அளவுக்கு மேல் இறுகினாலும் இழை அறும். தேர்வுக்கு முந்தைய படபடப்பு படிக்க வைக்கும். தேர்வு முடிந்தும் இறங்காத படபடப்பு பசியையும் உறக்கத்தையும் தின்றுவிடும். ஒவ்வொரு வயிற்றுவலிக்கும் விடுப்பு எடுக்க விட்டால் பள்ளியைப் பற்றிய அச்சம் வளரத்தான் செய்யும். ஆகவே வலியை நம்புங்கள். முதல் இரண்டு பாடவேளையாவது இருந்து பார் என்று சொல்லி, வகுப்பாசிரியரிடமும் தெரிவித்து, அனுப்பி வையுங்கள்.

நம் நாமக்கல் மாவட்டம் கோழிப் பண்ணைகளுக்கு மட்டுமன்றி, உறைவிடப் பள்ளிகளுக்கும் பெயர் பெற்றது. பார்வையாளர் ஞாயிறன்று அப்படியொரு வளாகத்துக்குள் போய்ப் பாருங்கள். வேப்பமர நிழலில் பாய் விரித்து, தூக்குப்போசியில் கொண்டுவந்த நாட்டுக்கோழிக் குழம்பைப் பரிமாறுகிறார்கள். முதல் கவளம் பிள்ளையின் வாய்க்குப் போவதற்குள் ‘போன டெஸ்ட்டுல எவ்வளவு சாமி?’ என்று தந்தை கேட்கிறார். பிள்ளை எண்ணைச் சொல்கிறது. உடனே ‘பக்கத்துப் பையன் எவ்வளவு?’ என்பது அடுத்த கேள்வி. சாப்பாடு முடிகிறது; மற்ற எதையும் அந்தப் பிள்ளை சொல்லவே இல்லை. பங்காளி வீட்டுக் கிடாவெட்டிலும் இதே விசாரணைதான் நடக்கிறது என்பதால், பிள்ளைகள் விசேஷ வீடுகளுக்கு வர மறுப்பதில் எனக்கு வியப்பில்லை. மதிப்பெண்ணைக் கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்த பிறகு கேளுங்கள் என்கிறேன்.

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்னும் உளவியலாளரும் அவருடைய குழுவினரும் நாற்பது வயது வரை பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் மனநோய் எனப் பல சுமைகளை ஒருசேரத் தாங்கிய பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் பொறுப்பும் திறமையும் உள்ளவர்களாக வளர்ந்தார்கள். அவர்களுக்கு வாய்த்தவற்றுள் முக்கியமானது, தன்னை ஏற்றுக்கொண்ட ஒரு பெரியவரேனும் அருகில் இருந்தது. அவர் தாய் தந்தையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிப்டுக்குப் போகும் பெற்றோர் இதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளலாம்: அம்மாவைப் பெற்ற அப்புச்சியோ அம்முச்சியோ ஒரு டீச்சரோ அந்த இடத்தை நிரப்ப முடியும்.

உறக்கத்தைப் பற்றி நம்மில் பலர் பேசுவதே இல்லை. 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் தேவை என்று உறக்க மருத்துவ வல்லுநர்கள் வரையறுத்திருக்கிறார்கள். இரவு பத்தரைக்குப் படுக்கவிட்டு விடியற்காலை நாலரைக்கு எழுப்பும் கால அட்டவணை ஆறு மணி நேரத்தைத்தான் தருகிறது. படித்தவை நினைவில் பதிவதற்கே உறக்கம் வேண்டும் என்பதால், இதை உழைப்பு என்று புகழ என்னால் முடியவில்லை.

சாகவேண்டும் போல இருக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால், அதை மிரட்டல் என்று எண்ணி ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள், தனியே விடாதீர்கள். 14416 என்ற, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

கூட்டம் தொடங்குமுன் ஒரு தந்தை, ‘பையனை ஹாஸ்டல்ல இருந்து கூட்டிட்டு வந்துரலாமுங்களா?’ என்று கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அழுகையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். முதல் சில வாரங்கள் பெரும்பாலான பிள்ளைகள் அழுவார்கள். சாப்பிடுகிறானா, உறங்குகிறானா, ஒரு நண்பனாவது உண்டா என்று விடுதிக் காப்பாளரிடம் கேளுங்கள். காலாண்டுத் தேர்வு தாண்டியும் மூன்றுக்கும் இல்லை என்றே பதில் வந்தால் அழைத்து வந்துவிடுங்கள். மாநிலப் பாடத்திட்டமென்றால் உள்ளூர் அரசு மேல்நிலைப் பள்ளியிலும் அதே பாடநூல்தான், அதே பொதுத் தேர்வுதான்.