மணல்மேட்டில் அடும்பு

(தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு கோயில் மண்டபத்தில், தமிழ் வகுப்புப் பிள்ளைகளும் பெற்றோரும் கூடியிருந்தபோது பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் அக்கா தங்கைகளுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

போன மாதம் கடற்கரையில் களைச்செடி வெட்டிக்கொண்டிருந்தோம். கூட வந்திருந்த தாத்தா ஒருவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, நம்ம ஆளுங்களும் 1860இல் கப்பல் ஏறி வந்தவங்கதானே? வெளியிலிருந்து வந்த செடின்னு சொல்லி வெட்டுறது உனக்குச் சங்கடமா இல்லையா?" வெயிலில் நின்றபடி அவருக்கு முழுப் பதில் சொல்ல முடியவில்லை. இன்றைக்கு அவரும் இங்கே முன்வரிசையில் இருக்கிறார். அதனால் சொல்கிறேன்.

தாத்தா, வெளியிலிருந்து வந்தது என்பதற்காக எந்தச் செடியையும் நாங்கள் தொடுவதில்லை. நம் கொல்லையில் மாமரம் நிற்கிறது, முருங்கை நிற்கிறது. இந்த நாடே சாப்பிடும் மக்காச்சோளம் அமெரிக்காவிலிருந்து வந்தது. அவற்றால் மணல்மேட்டுக்கோ சதுப்புக்கோ ஒரு கெடுதலும் இல்லை. 2014இல் அரசு கொண்டுவந்து, 2020இல் புதுப்பித்த விதிகளில் உள்ள பட்டியல் வேறு மாதிரியானது. வந்த இடத்தில் மற்ற உயிர்களுக்கு இடமே விடாமல் பரவுகிற செடிகளின் பட்டியல் அது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். குரோமோலீனா என்று ஒரு புதர். இங்கே டிரிஃபிட் வீட் என்பார்கள். வடக்கே செயின்ட் லூசியா ஏரிக்கரையில் தாய் முதலை வெயில் நன்றாக விழும் வெட்ட மணலைத் தேடித்தான் குழி பறித்து முட்டையிடும். அந்த மணலை இந்தப் புதர் மூடிவிடுகிறது. வேர் பின்னிக் கிடப்பதால் குழி பறிப்பதே கஷ்டம். பறித்தாலும் நிழலில் மண் ஐந்தாறு டிகிரி குளிர்ந்து கிடக்கிறது. முதலைக்கு முட்டைக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்பதை மண்ணின் சூடுதான் முடிவு செய்கிறது. சூடு குறைந்தால் பெண் குட்டிகளே அதிகம் பொரியும். இன்னும் குறைந்தால் பொரிப்பதே சந்தேகம். ஒரு புதரின் நிழல் ஒரு தலைமுறை முதலையையே மாற்றிவிடுகிறது! அதை முதன்முதலில் கேட்டபோது எனக்கு இரவெல்லாம் தூக்கம் வரவில்லை.

நம் கரைக்கு வருவோம். சவுக்கை மணல் நகராமல் பிடித்து வைக்கத்தான் நட்டார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் அதன் அடியில் ஊசி ஊசியாக உதிர்ந்து மெத்தை போலக் கிடக்கும் சருகில் வேறு எதுவும் முளைக்காது. 2007 மார்ச்சில் பெரிய அலையும் உயர்ந்த கடல்மட்டமும் சேர்ந்து வந்ததே, நினைவிருக்கிறதா? மறுநாள் காலை நான் பார்த்த இடத்தில் மணல் சுவர் போல வெட்டுப்பட்டு நின்றது. சவுக்குகள் வேரோடு கடற்கரையில் சாய்ந்து கிடந்தன.

அதே மணலில் அடும்பு என்ன செய்கிறது தெரியுமா? நெய்தல் நிலத்துப் பாட்டுகளில் வருகிற அதே அடும்புதான், இலை குளம்பு போலப் பிளந்திருக்கும், ஊதாப் பூ. இந்தக் கடற்கரைக்கும் அது சொந்தச் செடி. மணல் மேலே விழ விழ, கணுவுக்குக் கணு வேர்விட்டு ஏறி வரும். அலை பாதியை அறுத்துக்கொண்டு போனாலும் மிச்சம் தழைக்கும். அதற்குப் பின்னால் உள்ள கரைக்காட்டில் நிற்கும் மில்க்வுட், நம் மகிழ மரத்துக்குப் பங்காளி. நம் முன்னோர் இறங்கிய கரையில் இவை ஏற்கெனவே இருந்தன. இவற்றுக்கு இடம் விடத்தான் வெட்டுகிறோம், தாத்தா.

வெட்டுவது சுலபம், திரும்பத் திரும்பப் போவதுதான் வேலை. உண்ணிச்செடியை அறுத்துவிட்டு வந்தால் கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். அறுத்த கையோடு கட்டையில் களைக்கொல்லி மருந்து தடவ வேண்டும். குரோமோலீனா ஜூன், ஜூலையில் பூக்கும். விதை காற்றில் பறப்பதற்குள், மே மாதத்திலேயே பிடுங்கிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. பிரேசில் மிளகு மரத்தின் பாலை வெறுங்கையால் தொடாதீர்கள். மாமரக் குடும்பம் அது. மாங்காய்ப் பால் பட்டால் தோல் வெந்துபோகுமே, அப்படித்தான். சவுக்கை மட்டும் ஒரே நாளில் மொத்தமாகச் சாய்க்கக் கூடாது, மணல் பறந்துவிடும். கொஞ்சம் வெட்டி, அந்த இடத்தில் அடும்பு பிடித்தபிறகு அடுத்த வரிசை. அப்புறம் ஒவ்வொரு மழைக்குப் பின்னும் போய் நாற்றுகளைக் கையால் பிடுங்க வேண்டும். இதெல்லாம் வருடக்கணக்கில் நடக்கும்.

உம்கேனி ஆற்றில் மிதக்கும் ஆகாயத்தாமரைக்கு மனிதக் கை போதாது. அதைத் தின்னும் சிறு வண்டுகளை 1974இலேயே இந்த நாட்டில் விட ஆரம்பித்தார்கள். சாக்கடை கலந்த தண்ணீரில் வண்டு தின்பதைவிடச் செடி வேகமாக வளர்கிறது. ஆற்றைச் சுத்தமாக வைக்காமல் வண்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

கடைசியாக ஒன்று, இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. சிரிங்கா மரம். என் ஆயா அதன் இலையைத்தான் வேப்பிலை என்று பறித்து மாரியம்மனுக்கு வைப்பார். அம்மை போட்டபோது என் தலைமாட்டில் இருந்ததும் அதே இலை. அது வேம்பின் உறவு மரம்தான், நம்மைப் போல ஆசியாவிலிருந்து வந்ததுதான். ஆனால் அந்தப் பட்டியலில் அதுவும் இருக்கிறது. மஞ்சள் காயைப் பறவை தின்று போட்டு, ஆற்று நீர் இழுத்துப் போய், கரையெல்லாம் முளைத்து நிற்கிறது.

இலையைப் பறிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, என்னாலும் முடியாது. ஈஸ்டர் சமயத்து மாரியம்மன் பூசைக்குக் கிளை ஒடிக்கும்போது காய் இல்லாத கிளையாகப் பாருங்கள். காய் இருந்தால் கிள்ளி எடுத்து, பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள். கரகத்தோடு ஆற்றுக்குப் போகும்போது வாடிய கிளையைத் தண்ணீரில் விடாதீர்கள், கரையிலும் போடாதீர்கள். கோயில் வாசலில் அதற்கென்று ஒரு தொட்டி வைக்கச் சொல்லி நிர்வாகத்தாரிடம் கேட்டிருக்கிறேன்; சரி என்றிருக்கிறார்கள்.

வருகிற சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மறுபடி அதே மணல்மேட்டுக்குப் போகிறோம். கையுறையும் கத்தரியும் எங்களிடம் உண்டு. மூடிய செருப்பு போட்டுக்கொண்டு, தண்ணீர் எடுத்து வாருங்கள். தாத்தா, உங்களை வீட்டில் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.