இலத்திரன் திரவத்துக்குள் ஒளி

வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

கொழும்பில் உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஹோல் விளைவு பழக்கமானது. மின்னோட்டம் பாயும் கடத்தியைக் காந்தப்புலத்தில் வைத்தால் அதன் குறுக்கே ஒரு வோல்ற்றளவு தோன்றும். புலத்தைக் கூட்டினால் அதுவும் சீராகக் கூடும். 1879இல் எட்வின் ஹோல் கண்டது இது. பாடப்புத்தகம் அங்கே நின்றுவிடுகிறது. நான் இன்று பேச வந்தது அதற்கப்பால் நடப்பதைப் பற்றி.

1980இல், பிரான்சின் கிரனோபிள் நகரில், கிளவுஸ் வொன் கிளிற்சிங் ஒரு சிலிக்கன் திரான்சிற்றரை மிகவும் குளிரவைத்து, வலிமையான காந்தப்புலத்தில் அளந்து பார்த்தார். அதில் இலத்திரன்கள் மெல்லிய ஒரு தளத்தில் மட்டுமே நகர முடியும். சீரான கோடு வரவில்லை, படிக்கட்டு வந்தது. ஒவ்வொரு படியின் தடையும், அதாவது குறுக்கே தோன்றும் வோல்ற்றளவை மின்னோட்டத்தால் வகுத்தால் வருவதும், 25,812.807 ஓமை ஒரு முழு எண்ணால் வகுத்தால் கிடைக்கும் அளவு. துண்டின் நீள அகலமோ அதில் கலந்திருக்கும் மாசோ இந்தக் கணக்கை அசைப்பதில்லை. 1985இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே, 1982இல், சுயி, ஸ்ரோமர், கொசார்ட் மூவரும் கலியம் ஆசனைட்டு என்ற குறைகடத்திப் படிகத்தில் முழு எண் இருக்க வேண்டிய இடத்தில் மூன்றில் ஒன்று என்ற பின்னத்தைக் கண்டார்கள். இலத்திரன்கள் ஒன்றையொன்று விலக்கியபடியே எல்லாம் சேர்ந்து ஒரு புதுவகைத் திரவமாகிவிடுகின்றன என்று அடுத்த ஆண்டே லாஃப்லின் விளக்கினார்.

சரி, அந்தத் திரவத்துக்குள் என்ன நடக்கிறது? கம்பி பொருத்தித் தடையை அளந்தால் படி எவ்வளவு தட்டையானது என்பது துல்லியமாகத் தெரியும். உள்ளே திரவம் எப்படி அசைகிறது என்பது அதில் தெரியாது. அதற்குத்தான் ஒளி வேண்டும்.

முதல் வழி எளிமையானது. லேசர் ஒளி ஓர் இலத்திரனைக் கிளப்பிவிட, அது இருந்த இடத்தில் ஒரு துளை மிஞ்சும். இன்னோர் இலத்திரன் அந்தத் துளையில் விழும்போது ஒளி வெளிவரும். கலியம் ஆசனைட்டில் அதன் அலைநீளம் ஏறத்தாழ 820 நனோமீற்றர், கண்ணுக்குத் தெரியும் சிவப்பைச் சற்றே தாண்டியது. அளக்கும் படிகம் சுழிக் கெல்வினுக்கு மிக அருகில் இருப்பதால் லேசரையும் மிக மங்கலாகவே பாய்ச்ச வேண்டும். இல்லாவிட்டால் பார்க்க வந்த திரவத்தை ஒளியே சூடாக்கிக் குலைத்துவிடும்.

இங்கே இயற்கை ஒரு முட்டுக்கட்டை போட்டிருக்கிறது. துளையும் இலத்திரன்களும் ஒரே தளத்தில் இருந்தால், இலத்திரன்களுக்கிடையிலான விலக்கலும் துளையோடு உள்ள கவர்ச்சியும் சரிக்குச் சரி கழிந்துபோகும். வெளிவரும் ஒளியின் சக்தி, வெறும் படிகத்தில் ஒற்றை இலத்திரனும் ஒற்றைத் துளையும் சேர்ந்தால் வருவதைப் போலவே இருக்கும். சுற்றிலும் அத்தனை இலத்திரன்கள் சேர்ந்து ஆடும் ஆட்டத்தைப் பற்றி அந்த ஒளியில் ஒரு செய்தியும் இராது. இதை மறைந்த சமச்சீர் என்கிறார்கள். அதனால்தான் ஆய்வாளர்கள் துளையை இலத்திரன் தளத்திலிருந்து கொஞ்சம் தள்ளிவைக்கும்படி படிகங்களை வளர்த்தார்கள். தூரம் வந்ததும் அந்தக் கழித்தல் முழுமையாக நடக்காது, ஒளியும் பேசத் தொடங்கும். இந்தத் துறையில் என்னை மிகவும் கவர்ந்த யோசனை இதுதான்.

இரண்டாவது வழிக்கு வித்திட்டவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமன். பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பங்கு நிறம் மாறுகிறது என்பதை 1928இல் கல்கத்தாவில் அவரும் கே. எஸ். கிருஷ்ணனும் கண்டார்கள். ஒளி இழந்த சக்தி பொருளுக்குள் ஏதோ ஓர் அசைவுக்குப் போயிருக்கிறது. இதே முறையால் 1993இல் அரொன் பின்சுக் குழுவினர் மூன்றில் ஒன்று நிலையின் கூட்டு அசைவைப் பிடித்தார்கள். தமிழர் இருவரின் கண்டுபிடிப்பு அப்படியான ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே பெருமை.

அப்புறம் 2024இல் வந்த செய்தி. பின்சுக் 2022இல் காலமானார். அவரிடம் பயின்ற லிங்ஜியே டூ, சீனாவின் நான்ஜிங்கில், வட்டமுனைவாக்கிய ஒளியை, அதாவது மின்புலம் ஒரு திசையில் சுழன்றபடி செல்லும் ஒளியை, இந்தத் திரவத்தின் மீது பாய்ச்சினார். இலத்திரன்களைச் சுற்றியுள்ள வட்டமான ஒழுங்கு நீள்வட்டமாகி மீளும் ஓர் அசைவு உண்டு. ஈர்ப்பு அலையின் துணிக்கையைப் போல அதன் சுழல் 2 என்பதால் அதையும் கிரவிற்றோன் என்றே அழைக்கிறார்கள். (வானத்து ஈர்ப்போடு இதைக் குழப்ப வேண்டாம், கணிதம் மட்டுமே ஒத்தது.) மூன்றில் ஒன்று நிலையில் அது ஒரு திசையில் சுழன்றது, மூன்றில் இரண்டில் எதிர்த்திசையில். எத்தனை மின்சார அளவீடு செய்தாலும் இந்தத் திசை இவ்வளவு நேரடியாகத் தெரிந்திராது.

1987இல் கண்ட இரண்டில் ஐந்து, அதாவது இரண்டரை, என்ற பின்ன நிலை இன்னும் தீராத வழக்கு. அதை விளக்கப் போட்டியிடும் கோட்பாடுகளில் முக்கியமான இரண்டு, இந்த அசைவு எதிரெதிர்த் திசைகளில் சுழல வேண்டும் என்கின்றன. அந்த நிலையின்மீது வட்டமுனைவாக்கிய ஒளி என்ன சொல்லும் என்பதைத்தான் நான் ஆவலோடு பார்த்திருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.