பூட்டிய வீடு யார் பெயரில் இருக்கிறது?

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கோயில் மண்டபம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

எங்கள் வரிசையில் ஒரு வீடு ஆறு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. அதை வாங்கிய அண்ணன் காலமெல்லாம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுத்து வாங்கிய மலிவு விலை வீடு அது. அவர் போனார், அப்புறம் அண்ணியும் போய்விட்டார். பிள்ளைகள் கிள்ளானில் ஒருவர், ஜொகூரில் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர். இன்று அந்த வீட்டின் கூரை மேல் ரம்புத்தான் கிளை சாய்ந்து கிடக்கிறது. பின்கட்டில் தேங்கும் தண்ணீரில் கொசு முட்டையிடுகிறது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு டெங்கி வந்தபோது அந்தத் தண்ணீரைத்தான் எல்லோரும் நினைத்தோம்.

இதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. ஏனென்றால் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவர்களுக்குச் சொந்த வீடு என்றால் என்னவென்று தெரியும். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை நின்றால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டியதுதான். தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், 1960இல், இந்த ஊரில் பிறந்து அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், தொழிலாளர்களே சேர்ந்து தோட்டங்களை வாங்குவதற்காகத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நம் பாட்டன்மார் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டினார்கள். காலுக்குக் கீழே இருக்கிற மண் நம் பெயரில் இருக்க வேண்டும் என்ற ஆசை அது. அப்படிப்பட்ட ஊரில் இன்று கல்யாணமான பிள்ளைகள் வாடகை வீடு தேடி அலைகிறார்கள். பூட்டிய வீடுகளோ வரிசைக்கு ஒன்றாக நிற்கின்றன.

நகராண்மைக் கழகம் எதுவும் செய்யாதா என்று கேட்கிறீர்கள். புல் வெட்டச் சொல்லிக் கடிதம் வருகிறது. பிப்ரவரிக்குள் ஒன்று, ஆகஸ்டுக்குள் ஒன்று என்று கட்ட வேண்டிய மதிப்பீட்டு வரிக்கு, நாம் சுக்காய் பிந்து என்கிறோமே அதற்கு, பில்லும் வருகிறது. யார் பெயருக்கு? இறந்துபோன அந்த அண்ணன் பெயருக்கு. பதில் சொல்ல ஆளில்லை.

மற்ற நாடுகளிலும் சிக்கல் இந்த இடத்தில்தான் இருக்கிறது. இங்கிலாந்தில் பல ஊராட்சி மன்றங்கள் காலி வீடுகளுக்கென்றே ஓர் அதிகாரியை வைத்திருக்கின்றன. சொந்தக்காரரைத் தேடிப் பிடிப்பதுதான் அவருடைய முதல் வேலை. பிடித்த பிறகு வரியைக் கூட்டலாம். 2024 ஏப்ரலிலிருந்து, ஓராண்டு காலியாகக் கிடந்த வீட்டுக்கே இரட்டிப்பு வரி போட மன்றத்துக்கு அனுமதி உண்டு. பத்தாண்டு கடந்தால் நான்கு மடங்கு வரை போகலாம். ஜப்பானில் 2023 கணக்குப்படி சுமார் 90 லட்சம் வீடுகள் காலி. ஆளில்லா வீடுகளைப் பட்டியலிட்டு, வேண்டியவர்களோடு சேர்த்துவைக்கும் வேலையை அங்கே ஊராட்சிகளே செய்கின்றன. அதுவும் போதாது என்றுதான், வாரிசுகள் மூன்று ஆண்டுக்குள் சொத்தைத் தங்கள் பெயரில் பதிய வேண்டும் என்று 2024 ஏப்ரல் முதல் சட்டமே வைத்துவிட்டார்கள்.

நம் சட்டம் தண்டிப்பதை விட்டு வேறு பக்கம் போகிறது. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 162ஆம் பிரிவைப் பாருங்கள். காலியாக இருந்த காலத்துக்கு வரியைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் சும்மா கிடைக்காது. வீடு ஆள் குடியிருக்கும் நிலையில் இருக்க வேண்டும். வாடகைக்கு ஆள் தேடியிருக்க வேண்டும். கேட்ட வாடகையும் நியாயமாக இருக்க வேண்டும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த நிபந்தனைகள்தான். வீட்டைப் பாழாகப் போடாதே, ஆளைத் தேடு என்று சட்டமே சொல்கிறது. ஆனால் இதைக் கேட்டு மனுப் போட, வீடு உயிரோடு இருக்கும் ஒருவர் பெயரில் இருக்க வேண்டுமே!

கழகத்திடம் நான் கேட்பது இதுதான். வரி பாக்கிப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பூட்டிய வீட்டுக்கும் வாரிசு யார் என்று தேட ஓர் ஆளைப் போடுங்கள். அக்கம்பக்கத்தாரைக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். எந்தப் பிள்ளை எந்த ஊரில் என்று நமக்குத் தெரியாததா?

அப்புறம் நம் வீட்டுப் பக்கம் வருவோம். உயில் எழுதாமல் இறந்தவரின் சிறிய சொத்தை மாற்ற, லட்சக்கணக்கில் செலவழித்து உயர்நீதிமன்றம் ஏற வேண்டும் என்று பலர் பயந்து விட்டுவிடுகிறார்கள். வேண்டியதில்லை. 1955ஆம் ஆண்டு சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தின்படி, வீடு இருக்கும் மாவட்டத்து நில அலுவலகத்திலேயே மனுக் கொடுக்கலாம். இறப்புப் பத்திரம், கிராண்ட் (நிலப் பட்டா) நகல், வாரிசுகளின் ஐசி (அடையாள அட்டை) விவரம் வேண்டும். விசாரணைக்கு ஒரு நாள் கொடுப்பார்கள். எல்லா வாரிசுக்கும் அழைப்புப் போகும்.

அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை, யார் முதலில் போன் போடுவது என்பதில்தான் பல வீடுகள் இடிந்து விழுகின்றன. தயவுசெய்து நீங்களே முதலில் போடுங்கள். எங்கள் வரிசை வீட்டுப் பிள்ளைகளில் கிள்ளானில் இருப்பவரிடம் போன வாரம் நான் பேசினேன். தம்பியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

கூட்டம் முடிந்ததும் வாசல் பக்க மேசையில் உட்கார்ந்திருப்பேன். மனுப் பாரம் என்னிடம் இருக்கிறது. நிரப்பத் தெரியாதவர்கள் கிராண்டை எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்து நிரப்பிவிடலாம்.