கால் அட்டையும் மாத்திரை அட்டையும்

(பந்தலூரில் தேயிலைத் தொழிலாளர் குடும்பங்களிடம் ஒரு செவிலியர் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். ஆடி மழையில் கொழுந்து பறிக்கப் போய், அட்டைக்கடி இல்லாமல் வீடு திரும்பியவர் இங்கே யார்? கடிச்ச இடம் ரெண்டு நாளில் அரிக்கும், சொறிவோம். வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்று ஒரு கிருமி. பத்துப் பேரில் சுமார் 3 பேருடைய மூக்கில் அது சும்மா குடியிருக்கும். நகத்தோடு புண்ணுக்குள் இறங்கினால் சீழ் வைக்கும், கட்டி கிளம்பும்.

போன மழையில் ஒரு அக்கா பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். கத்தரியால் வெட்டிய அட்டைத் துண்டில் நாலு கேப்சூல்; மருந்தின் பெயரே பாதிதான் இருந்தது. சீட்டு இல்லாமல் வாங்கியது. ரெண்டை அவர் விழுங்கியிருக்கிறார், மீதியை மகனுக்கு எடுத்து வைத்திருக்கிறார். எனக்கு மனசு பதறிவிட்டது.

ஒரே களைமருந்தை வருஷக்கணக்கில் அடித்த தோட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். சாகிற புல் செத்துப்போகும்; சாகாதது காடாய் மண்டும். கிருமியைக் கொல்லும் மருந்தை அரைகுறையாக விழுங்கினால் கிருமியும் அப்படித்தான். பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங், குறைந்த அளவு மருந்து கிருமியைப் பழக்கிவிடும் என்று 1945 நோபல் உரையிலேயே எச்சரித்தார். பெனிசிலினுக்கு அடங்காத ஸ்டாஃபிலோவை அடக்க 1959இல் மெத்திசிலின் வந்தது. 1961இலேயே அதற்கும் அடங்காத கிருமி இங்கிலாந்தில் பிடிபட்டது. அதுதான் எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமி தன் சுவரைக் கட்டப் பயன்படுத்தும் புரதத்தைப் பிடித்துத்தான் இந்த மருந்துகள் வேலை செய்யும். எம்.ஆர்.எஸ்.ஏ.வோ மருந்து ஒட்டாத வேறொரு புரதத்தை வைத்துச் சுவரைக் கட்டிக்கொள்கிறது.

சரி, கட்டி வந்தால்? சின்னதென்றால் வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், பிதுக்காதீர்கள். பெரிதானால் டாக்டர் கீறிச் சீழை வெளியேற்றுவதுதான் முக்கிய வைத்தியம். பல நேரம் அதுவே போதும். காய்ச்சல் வந்தாலோ சிவப்பு படர்ந்துகொண்டே போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். மாத்திரை எழுதிக் கொடுத்தால் சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள், பங்கு போடாதீர்கள். அட்டையில் சிவப்புக் கோடு தெரிந்தால் சீட்டில்லாமல் வாங்கவே கூடாது.

முன்வரிசை அக்கா, காலில் ஒட்டிய அட்டைமேல் சுண்ணாம்பு தடவலாமா என்று கேட்கிறார். வேண்டாம் அக்கா, தோல் வெந்துபோகும். அட்டை ஒட்டியிருக்கும் ஓரத்தில் நகத்தை நுழைத்து மெதுவாகத் தள்ளுங்கள், விட்டுவிடும். அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் நிற்க நேரமாகும், பயப்படாதீர்கள். ராத்திரி பிள்ளைகளின் நகத்தை வெட்டிவிடுங்கள்.